அட்டாக் 2,074 எப்படி 1,389-இடம் தோற்கிறது?

16 ஏப்ரல் 2025, இரவு

கென்ஷின் இம்பாக்ட் என்ற கைபேசி விளையாட்டில் நான் ஆடும் ஷியாங்லிங் என்ற பாத்திரத்தின் அட்டாக், அதாவது தாக்கும் வலிமை, 2,074. தங்கை மகனுடைய ஷியாங்லிங்கின் அட்டாக் 1,389. இருவருமே நிலை 90. இருவர் கையிலும் தி கேட்ச் என்ற ஈட்டி ரிஃபைன்மெண்ட் ஐந்தில், அதாவது முழு மேம்பாட்டில், இருக்கிறது. எனர்ஜி நிறைந்ததும் ஏவும் பெருந்திறனான பர்ஸ்ட் (ஷியாங்லிங்குக்கு அது சுழன்று அடிக்கும் நெருப்பு வளையம்) இருவருக்கும் நிலை 9. பாத்திரம் அணியும் ஐந்து உருப்படிகளில் நான்கை எம்பளம் என்ற ஒரே செட்டிலிருந்து இருவருமே அணிந்திருக்கிறோம். ஆனால் நேற்று மாலை தங்கச்சிமடத்தில் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே வகை எதிரியை ஆளுக்கொரு முறை அடித்துப் பார்த்தபோது, அவனுடைய நெருப்பு வளையம் என்னுடையதற்கு வெகு முன்னதாகவே வேலையை முடித்துவிட்டது. "மாமா, அட்டாக்கை மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள்" என்றான். எங்கே ஏமாந்தேன் என்று அவன் சொல்லவில்லை.

வேறுபாடு மூன்று உருப்படிகளில்தான் இருக்கிறது. என் சாண்ட்ஸ் (மணற்கடிகை), கோப்லெட் (கோப்பை), சர்க்லெட் (தலையணி) ஒவ்வொன்றும் அட்டாக்கை 46.6 விழுக்காடு கூட்டுபவை. அவனுக்குச் சாண்ட்ஸ் மட்டுமே அட்டாக். கோப்லெட் நெருப்புச் சேதம் 46.6 விழுக்காடு, சர்க்லெட் கிரிட் ரேட், அதாவது ஓர் அடி கூடுதல் வலுவோடு (கிரிட்டாக) விழும் வாய்ப்பு, 31.1 விழுக்காடு. நேற்று முதல் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பதால், ஏலக்கடையில் கணக்கெழுதும் எனக்கு மாலை நேரம் மிச்சமாக இருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு முடிவுக்குக் கொண்டுவராமல் விடப்போவதில்லை.

17 ஏப்ரல்

சேத எண் என்பது கூட்டல் கணக்கு அன்று, பெருக்கல் கணக்கு. அட்டாக் ஒரு கட்டு, சேத உயர்வு விழுக்காடுகள் ஒரு கட்டு, கிரிட் ஒரு கட்டு, எதிரியின் தற்காப்பு ஒரு கட்டு, எதிரியின் எதிர்ப்பு ஒரு கட்டு. இவை அனைத்தும் ஒன்றோடொன்று பெருகுகின்றன. ஏலக்கடையில் எடையும் விலையும் பெருகுவது போலத்தான் இதுவும். 20 கிலோ கூடையில் 10 கிலோ கூடினால் வரவு ஒன்றரை மடங்காகிவிடும். 100 கிலோவில் அதே 10 கிலோ கூடினால் பத்தில் ஒரு பங்குதான் ஏறும். நானோ ஏற்கெனவே நிறைந்திருந்த ஒரே கூடையில் மேலும் மேலும் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே நெருப்புக் கோப்லெட் அவனுக்கு நேரடியாக 46.6 விழுக்காடு கூடுதல் சேதம் தருகிறது. என் அட்டாக் கோப்லெட் அந்த அளவுக்குத் தருவதில்லை.

18 ஏப்ரல்

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தி தவறு. எம்பளம் செட் தரும் பர்ஸ்ட் சேத உயர்வு, தி கேட்ச் ஈட்டி தரும் 32 விழுக்காடு, நெருப்புக் கோப்லெட்டின் 46.6 விழுக்காடு ஆகிய மூன்றும் ஒரே கட்டுக்குள் கூட்டப்படுகின்றன. அவை தனித்தனியாகப் பெருகுவதில்லை. எங்கள் இருவருக்கும் எனர்ஜி ரீசார்ஜ் (பர்ஸ்டுக்கான எனர்ஜி நிறையும் வேகம்) 186 விழுக்காடு. எம்பளம் அதில் நான்கில் ஒரு பங்கைச் சேத உயர்வாக மாற்றுகிறது என்பதால் 46.5 விழுக்காடு கிடைக்கிறது, ஈட்டியையும் சேர்த்தால் 78.5. கோப்லெட் இல்லாத என் கட்டு 1.785 என்றால், கோப்லெட் உள்ள அவனுடைய கட்டு 2.251. உயர்வு 46.6 அன்று, 26.1 விழுக்காடுதான்.

20 ஏப்ரல்

இன்று பேரேட்டை விரித்து முழுக்கணக்கையும் போட்டேன். கணக்கு எளிமையாக இருக்கும்பொருட்டு, ஒவ்வோர் உருப்படியிலும் முதன்மை எண்ணோடு சிறு அளவில் வரும் துணை எண்களில் கிடைத்த சில்லறை அட்டாக்கை இருவருக்குமே விட்டுவிட்டேன்.

ஷியாங்லிங்கின் அடிப்படை அட்டாக் 225, ஈட்டியுடையது 510, ஆக 735. விழுக்காட்டு அட்டாக் எல்லாம் இந்த 735-இன் மீதுதான் ஏறுகிறதே தவிர, ஐந்து உருப்படிகளில் ஒன்றான இறகு தரும் 311-இன் மீது ஏறுவதில்லை. எனவே ஓர் அட்டாக் உருப்படியின் மதிப்பு ஏறத்தாழ 342. எனக்கு மூன்று இருப்பதால் 2,074. அவனுக்கு ஒன்று இருப்பதால் 1,389. துணை எண்களால் இருவருக்கும் கிரிட் ரேட்டில் 20, கிரிட் டேமேஜில் (கிரிட் ஆன அடியின் கூடுதல் சேதத்தில்) 40 கூடியிருக்கின்றன. ஆட்டம் எல்லோருக்கும் தரும் 5, 50 ஆகியவற்றோடு சேர்த்தால் எனக்கு 25, 90. சர்க்லெட்டின் துணையால் அவனுக்கு 56.1, 90. சராசரியாகப் பார்த்தால், அதாவது ரேட்டையும் டேமேஜையும் பெருக்கி ஒன்றோடு கூட்டினால், கிரிட் கட்டு எனக்கு 1.225, அவனுக்கு 1.505.

மூன்று கட்டுகளையும் பெருக்கினால் எனக்கு 4,535, அவனுக்கு 4,705. வேறுபாடு நான்கு விழுக்காடுகூட இல்லை. திண்ணையில் கண்ட பெரிய இடைவெளிக்கு இது விடையாகாது. நெடுநேரம் கூட்டல் பிழையைத் தேடிக்கொண்டிருந்த பிறகே, அன்று இருவரும், அணியில் துணையாக வரும் பென்னட் என்ற பாத்திரம் தன் பர்ஸ்டால் தரையில் போடும் வட்டத்துக்குள் நின்று அடித்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

பென்னட் தன் அடிப்படை அட்டாக்கில் ஒரு பங்கை மற்றவருக்கு நேராகக் கூட்டித் தருகிறார். என் பென்னட்டின் அடிப்படை 191, அவர் கையிலுள்ள ஃபவோனியஸ் வாளுடையது 454, ஆக 645. பர்ஸ்ட் நிலை 9-இல் 95.2 விழுக்காடும் முதல் கான்ஸ்டலேஷன் என்ற கூடுதல் மேம்பாட்டில் 20 விழுக்காடும் சேர்ந்து 115.2 விழுக்காடு, 743 வருகிறது, 740 என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த 740 வந்து சேர்ந்ததும் எனக்கு 2,814, அவனுக்கு 2,129. பெருக்கினால் எனக்கு 6,153, அவனுக்கு 7,212. வேறுபாடு 17 விழுக்காடாகிவிட்டது.

இதையே கோப்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு வகையாகச் சொல்லலாம். அட்டாக் 1,389 இருக்கும் ஷியாங்லிங்குக்கு அட்டாக் கோப்லெட் கொடுத்தால் 24.7 விழுக்காடு ஏறும். நெருப்புக் கோப்லெட் கொடுத்தால் 26.1. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பென்னட் வந்த பிறகோ அட்டாக் கோப்லெட்டின் பயன் 16.1-ஆகச் சரிகிறது, நெருப்புக் கோப்லெட்டின் 26.1 அப்படியே நிற்கிறது. அட்டாக்கை அள்ளித் தரும் துணை இருக்கும் அணியில் அட்டாக்கை மேலும் தேடுவது, ஐஸ் நிரம்பிய பெட்டியில் மேலும் ஐஸ் போடுவது போன்றது.

கூடவே ஒரு வெட்கக்கேடு. என் பென்னட்டுக்கும் நான் அட்டாக் உருப்படிகளையே பூட்டியிருந்தேன். அவர் கொடுப்பது அடிப்படை அட்டாக்கிலிருந்து மட்டுமே என்பதால் அவை அணிக்குச் சல்லிக்காசும் சேர்க்கவில்லை. அவருடைய குணப்படுத்தும் திறன் உயிர்ப்புள்ளியைப் பொறுத்தது. இன்றே மாற்றிவிட்டேன்.

21 ஏப்ரல்

மருமகன் என் பேரேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தான். தி கேட்ச் ஈட்டி ரிஃபைன்மெண்ட் ஐந்தில் பர்ஸ்டுக்கு மட்டும் 12 விழுக்காடு கிரிட் ரேட்டும் தருகிறது. பாத்திரத்தின் விவரப் பக்கத்தில் அது தெரியாது. ஈட்டியின் விளக்கத்தைப் படித்தவருக்கே தெரியும். நான்கு ஆண்டாகக் கையில் வைத்திருக்கும் ஈட்டியின் விளக்கத்தை நான் படித்ததில்லை.

திருத்திய கணக்கு: பர்ஸ்டில் என் கிரிட் ரேட் 37, அவனுடையது 68.1. கட்டுகள் 1.333, 1.613. பென்னட்டோடு சேர்த்து எனக்கு 6,696, அவனுக்கு 7,730. வேறுபாடு 15 விழுக்காடாகச் சற்றுக் குறைந்திருக்கிறது, முடிவு மாறவில்லை.

22 ஏப்ரல்

அந்த ஈட்டியைப் பற்றி ஒரு சொல். அதைச் சீட்டிழுத்துப் பெற முடியாது. இனசுமா நகரின் மீன்பிடிச் சங்கத்தில் மீனைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2021 செப்டம்பரில் 2.1 பதிப்போடு ஆட்டத்துக்குள் மீன்பிடிப்பு வந்தபோது, பகலெல்லாம் மீன் எடையை எழுதிவிட்டு இரவில் வீட்டில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மனைவி சிரித்தது இன்னும் மறக்கவில்லை. ராய்மெய் ஏஞ்சல்ஃபிஷ் என்ற மீன் ஆட்டத்தின் இரவு நேரத்தில் மட்டுமே தென்படும்; ஒரு குளத்தை வழித்து எடுத்துவிட்டால் மீண்டும் மீன் ஊற மூன்று நாள் ஆகும். தி கேட்ச் என்பதை எங்கள் கரையில் சொல்வதானால் மீன்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ஈட்டிகள் பலவற்றைக் காட்டிலும் ஷியாங்லிங்குக்கு இந்த மீன்பாடு பொருந்துகிறது.

27 ஏப்ரல்

சர்க்லெட்டில் கிரிட் ரேட்டா, கிரிட் டேமேஜா என்று கீழக்கரையில் ஆடும் நண்பர் கேட்டிருந்தார். கிரிட் டேமேஜ் சர்க்லெட் 62.2 தரும், அதாவது ரேட்டைப் போல் இரண்டு மடங்கு. துணை எண்களிலும் அதே விகிதம்தான்: ஒருமுறை ஏறினால் ரேட் அதிக அளவாக 3.9, டேமேஜ் 7.8. ஆகவே டேமேஜ் ரேட்டைப் போல் இரு மடங்காக இருக்கும் இடத்தில்தான் பெருக்கற்பலன் உச்சம் பெறும். எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கத்துக்குப் போட வேண்டும்.

என் நிலை ரேட் 37, டேமேஜ் 90. டேமேஜ் சர்க்லெட் அணிந்தால் கட்டு 1.563, ரேட் சர்க்லெட் அணிந்தால் 1.613. எனக்கு ரேட் சர்க்லெட்டே சரி. ஆனால் அதை அணிந்தவுடன் ரேட் 68.1 ஆகிவிடுவதால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. அதன் பிறகு துணை எண்ணாக வரும் 7.8 டேமேஜ் கட்டில் 0.053 கூட்டும், 3.9 ரேட் 0.035 மட்டுமே கூட்டும். ஆக, நேற்றுவரை பயனுள்ளதாக இருந்த உருப்படியே நாளை இரண்டாந்தரமாகிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் தனியே எடைபோடாமல் ஐந்தையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

ரேட் நூறைத் தாண்டினால் மிகுதி வீண். ஈட்டியின் 12-ஐ மறந்தவர்கள் இதிலும் மாட்டிக்கொள்வார்கள்.

3 மே

நேரக்கெடுவுக்குள் எதிரிகளை வெல்ல வேண்டிய அபிஸ் என்ற சவாலின் பன்னிரண்டாம் தளத்தில் இந்த வாரம் முழுவதும் தோற்றேன். ரேட் சர்க்லெட் கிடைத்துவிட்டது. கோப்லெட் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தோல்விக்குக் காரணம் கோப்லெட் அன்று. ஷியாங்லிங்கின் பர்ஸ்டுக்கு 80 எனர்ஜி வேண்டும், கூல்டவுன், அதாவது மீண்டும் ஏவக் காத்திருக்க வேண்டிய நேரம், 20 நொடி. மூன்றாவது சுற்று வரும்போதெல்லாம் எனர்ஜி நிறையாமல், வட்டத்துக்குள் வெறும் ஈட்டியால் குத்திக்கொண்டு நிற்கிறேன்.

சாண்ட்ஸை எனர்ஜி ரீசார்ஜுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று, நெருப்புக் கோப்லெட் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பார்த்தேன். அது 51.8 தரும், எம்பளம் அதில் கால் பங்கைச் சேதமாகவும் திருப்பித் தரும். அட்டாக் 1,786-ஆகக் குறையும், சேத உயர்வுக் கட்டு 2.381-ஆக ஏறும், பெருக்கினால் 6,857. அட்டாக் சாண்ட்ஸின் 7,730-ஐவிட 11 விழுக்காடு குறைவு. ஆனால் மூன்று சுற்றுக்கு மூன்று முறையும் பர்ஸ்ட் வந்தால் 20,571. மூன்றில் ஒன்று தவறினால் அட்டாக் சாண்ட்ஸுக்கு 15,460-தான். கரையில் நிற்கும் படகு எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன, டீசல் இல்லையென்றால் அன்றைக்குப் பாடு இல்லை.

4 மே

சாண்ட்ஸை மாற்றினேன். பர்ஸ்ட் தவறுவது நின்றது.

11 மே

கோப்லெட் இன்னும் விழவில்லை. எவ்வளவு நாள் காத்திருப்பது இயல்பு என்று பார்த்தேன். பரிசெடுக்கச் செலவாகும் ரெசின் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறுகிறது, ஒரு நாளைக்கு 180. உருப்படிகள் கிடைக்கும் டொமைன் என்ற களத்தில் ஒருமுறை பரிசெடுக்க 20, ஆக ஒன்பது முறை. செட்டில் நான்கு இருந்தால் போதும் என்பதால் கோப்லெட் எந்தச் செட்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். விழும் உருப்படி ஐந்து வகையில் ஒன்று. கோப்லெட்டாக விழுந்தாலும் அது நெருப்பாக இருக்கும் வாய்ப்பு, ஆட்டக்காரர்கள் திரட்டிய கணக்கின்படி, நூற்றில் ஐந்து. இரண்டையும் பெருக்கினால் நூறு உருப்படிக்கு ஒன்று. ஏறத்தாழ பதினொரு நாள். இது சராசரி மட்டுமே. சீட்டுக்காசு போல, பதினொன்றாம் நாள் நம் முறை வந்தே தீரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எனக்கு இன்றோடு இருபத்தைந்து நாள்.

டொமைனின் நடுவில் மின்சாரம் போய் இணைப்பு அறுந்தால் ரெசின் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் அஞ்ச வேண்டாம். முடிவில் பரிசை எடுக்கும்போதுதான் ரெசின் கழியும். இந்த வாரம் இதை இரண்டு முறை அறிந்துகொண்டேன்.

19 மே

எலிமெண்டல் மாஸ்டரி, அதாவது நெருப்பும் நீரும் போன்றவை கலக்கும்போது நிகழும் வினையின் வலிமை, தரும் சாண்ட்ஸ்தான் சிறந்தது என்கிறான் மருமகன். அவன் அணியில் நீர்ப் பாத்திரமான ஷிங்ச்சோ இருக்கிறார். அவர் எதிரியை நனைக்க, ஷியாங்லிங்கின் நெருப்பு பட்டதும் வேப்பரைஸ் என்ற வினை நிகழ்ந்து சேதம் 1.5 மடங்காகிறது. மாஸ்டரி 187 இருந்தால் அந்த வினையின் பலன் மேலும் 32.8 விழுக்காடு உயரும். அட்டாக் சாண்ட்ஸ், பென்னட்டின் வட்டத்துக்குள், 19.2 விழுக்காடு மட்டுமே உயர்த்துகிறது. தாளில் அவன் சொல்வது சரிதான்.

ஆனால் மாஸ்டரியின் பலன் வேப்பரைஸ் ஆன அடிக்கு மட்டுமே உண்டு. நெருப்பு வளையம் ஒவ்வொரு முறை தொடும்போதும் நெருப்பை ஒட்டிவிடும், ஈடுகொடுக்க வேண்டியது தண்ணீர். பத்து அடியில் ஆறுக்குத்தான் தண்ணீர் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். அட்டாக் சாண்ட்ஸோடு ஆறு அடி 1.5 மடங்கு, நான்கு அடி ஒரு மடங்கு, ஆக 13, அதை 1.192-ஆல் பெருக்க 15.5. மாஸ்டரி சாண்ட்ஸோடு ஆறு அடி 1.99 மடங்கு, நான்கு அடி ஒரு மடங்கு, ஆக 15.9. மாஸ்டரி வெல்கிறது, ஆனால் மயிரிழையில். என் அணியில் ஷிங்ச்சோ இல்லை என்பதால் எனக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. இருந்தும் ஒரு மணி நேரம் வாதாடினோம்.

24 மே

எதிரியின் பக்கத்தை இதுவரை தொடவே இல்லை. நிலை 90 பாத்திரம் நிலை 90 எதிரியை அடிக்கும்போது தற்காப்புக் கட்டு சரியாகப் பாதி. பெரும்பாலான எதிரிகளுக்கு நெருப்பு எதிர்ப்பு 10 விழுக்காடு, ஆக அந்தக் கட்டு 0.9. இவற்றை வைத்து என் பழைய உருப்படிகளோடு, பென்னட் இல்லாமல், கிரிட் ஆகாத ஓர் அடியைக் கணக்கிட்டால் 3,172 வருகிறது. நெருப்பு வளையம் பர்ஸ்ட் நிலை 9-இல் அடிக்கு 190.4 விழுக்காடு. பழைய உருப்படிகளை மீண்டும் பூட்டித் திரையில் பார்த்தபோது அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. விட்டுவிட்ட சில்லறை அட்டாக்தான் அது. கணக்கு கடலுக்குள் போய்த் திரும்பி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு அன்று தூங்கினேன்.

மகிழ்ச்சி மறுநாளே கெட்டது. காற்றுப் பாத்திரமான சுக்ரோஸுக்கு விரிடெசெண்ட் என்ற செட்டில் நான்கை அணிவித்து, நெருப்பைக் காற்றால் சுழற்றிப் பரப்ப (ஸ்வர்ல் செய்ய) வைத்தால் எதிரியின் நெருப்பு எதிர்ப்பு 40 விழுக்காடு இறங்குகிறது. 10-இலிருந்து இறங்கினால் எதிர்க்குறி 30. சுழிக்குக் கீழே பாதிதான் கணக்கு என்பதால் கட்டு 1.15. அதாவது 0.9-இலிருந்து 27.8 விழுக்காடு உயர்வு. ஒரு மாதமாக ரெசின் முழுவதையும் கொட்டி நான் தேடும் கோப்லெட் தருவது 26.1. பயன்படுத்தாத உருப்படிகளின் குவியலில் விரிடெசெண்ட் நான்கும் முதலிலிருந்தே கிடந்தன.

2 ஜூன்

மே 3-இல் எழுதியதைத் திருத்த வேண்டும். மருமகனின் எனர்ஜி ரீசார்ஜ் 186-தான். அவன் பென்னட்டும் என்னுடையதைப் போன்றவரே. அவனுக்கு மட்டும் பர்ஸ்ட் ஏன் தவறுவதில்லை என்று நான் கேட்கத் தவறிவிட்டேன்.

இன்று அவன் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்னட்டின் ஸ்கில்லை அழுத்தியதுமே ஷியாங்லிங்குக்கு மாறிவிடுகிறான். எனர்ஜி தரும் துகள்கள் பறந்து வந்து சேரும்போது களத்தில் நிற்பவர் ஷியாங்லிங். நானோ பென்னட்டை வைத்துக்கொண்டே இன்னும் இரண்டு வெட்டு வெட்டிவிட்டுத்தான் மாறுவேன். அதே எலிமெண்ட்டின் (நெருப்பு, நீர் போன்ற வகையின்) துகள் களத்தில் நிற்பவருக்கு 3 எனர்ஜி தரும். நால்வர் அணியில் ஓரமாக இருப்பவருக்கு அதில் 60 விழுக்காடு, அதாவது 1.8. ரீசார்ஜ் 186-ஓடு பெருக்கினால் அவனுக்குத் துகளுக்கு 5.58, எனக்கு 3.35. நான் சாண்ட்ஸையே தியாகம் செய்து 237.8-ஆக ஏற்றிக்கொண்ட பிறகும் 4.28-தான். நான் உருப்படியில் தேடியது முழுவதும், அதற்கு மேலும், விரலில் இருந்திருக்கிறது.

பர்ஸ்ட் வரிசையிலும் எனக்கு இதே கோளாறு. ஷியாங்லிங்கின் நெருப்பு வளையம் அழுத்திய கணத்தின் அட்டாக்கையே கடைசிவரை வைத்துக்கொள்ளும். ஆகவே பென்னட்டின் வட்டம் முதலில், வளையம் பின்னர். அவசரத்தில் நான் மாற்றி அழுத்திவிட்டால் 740-உம் போய்விடுகிறது. எதிர்ப்புக் குறைவு மட்டும் எதிரியின் மேல் ஏறுவதால், அது எப்போது வந்தாலும் அப்போதிலிருந்தே பலிக்கும்.

அட்டாக் சாண்ட்ஸைத் திரும்பப் பூட்டியிருக்கிறேன். விரல் பழக இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை பழைய நினைவில் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

8 ஜூன்

விரல் பாதி பழகிவிட்டது. கோப்லெட் இல்லை.

17 ஜூன்

தடை முடிந்து படகுகள் போய்வரத் தொடங்கிவிட்டன. இரவு பத்து மணிக்கு மேல்தான் கைபேசியைத் தொட முடிகிறது. நேற்று அபிஸ் புதுப்பிக்கப்பட்டது. சுக்ரோஸ், பென்னட், ஷியாங்லிங் என்ற அதே வரிசையில், அட்டாக் கோப்லெட்டோடுதான், பன்னிரண்டாம் தளத்தின் முதல் அறையை மூன்று நிமிடத்துக்குள் முடித்தேன். மற்ற இரண்டு அறைகளில் இன்னும் இருபது நொடி இடிக்கிறது.

அந்த இருபது நொடிக்காகவே விழித்திருந்து இன்று அதிகாலை 1:30-க்கு ஆசிய சர்வர் புது நாளுக்கு மாறியபின் டொமைனுக்குள் போனேன். நான்காவது முறையில் நெருப்புக் கோப்லெட் விழுந்தது. கூடவே வந்த துணை எண்கள் டிஃபென்ஸ், டிஃபென்ஸ் விழுக்காடு, உயிர்ப்புள்ளி, கிரிட் டேமேஜ். நிலை 20 வரை ஏற்றினேன். ஏறிய ஐந்து முறையில் மூன்று டிஃபென்ஸுக்கும், இரண்டு உயிர்ப்புள்ளிக்கும் போயின. மருமகனை எழுப்பிக் காட்டினேன். "பரவாயில்லை மாமா, ஷியாங்லிங் சாகமாட்டாள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.